குளிசையை நிறுத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

அப்பாவுக்கு 54 வயது. பிரஷர் குளிசை எடுத்துவந்தார். இப்போது 126/80தான், ஒரு வருத்தமும் இல்லை என்று நிறுத்திவிட்டார். கறிக்கும் உப்பைக் குறைத்துத்தான் போடுகிறோம். போதாதா?
– வாசகி, உப்புவெளி

அந்த 126/80 குளிசை தந்த அளவு. நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழையபடி ஏறும். ஏறுவது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. தலையிடி வந்தால் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கூடிய அழுத்தம் இதயக் குழாய்களின் உட்சுவரைக் காயப்படுத்த, அங்கேதான் கொழுப்புப் படிகிறது. இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். குறைப்பதா, தொடர்வதா என்று வைத்தியர் சொல்லட்டும்.

வீட்டில் அளப்பதென்றால், தேநீரோ சிகரெட்டோ எடுத்து அரை மணி நேரம் கழியட்டும். சலம் கழித்துவிட்டு, கதிரையில் சாய்ந்து 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கால்மேல் கால் வேண்டாம். கை மேசையில், நெஞ்சு மட்டத்தில். பட்டியைச் சட்டைக்கு மேலே கட்டினால் கணக்குப் பிழைக்கும். தடித்த கைக்குச் சின்னப் பட்டி இல்லாத பிரஷரைக் காட்டும். 1 நிமிடம் விட்டு இரண்டு தரம் அளந்து கொப்பியில் எழுதுங்கள்.

உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கறியில் குறைத்தது நல்லதுதான். ஆனால் கருவாடு, ஊறுகாய், பாண், சூப் கட்டி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கருவாட்டைச் சுடுநீரில் ஊறவிட்டு நீரை ஊற்றினாலும் உப்பு முழுதாகப் போகாது. திருகோணமலைக் கரையில் பச்சைச் சூடையும் சாளையும் கிடைக்கும்போது கருவாடு எதற்கு? இதயத்துக்கு உதவும் கொழுப்பும் அவற்றில்தான். பொரிக்காமல் புளிக்குழம்பு வையுங்கள்.

நெஞ்சு இறுக்கினால் காஸ் என்று சோடா குடிக்கலாமா?
– வாசகர், கிண்ணியா

வேண்டவே வேண்டாம். நெஞ்சின் நடுவில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர் வியர்வை – இப்படி வந்தால் உடனே 1990 இற்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் நோவே இல்லாமல் மூச்சு வாங்குவது மட்டும் வரலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். விடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இதயத் தசை செத்துவிடும். நோயாளியை நடக்க விடாதீர்கள், மோட்டார் சைக்கிளிலும் ஏற்றாதீர்கள்.

சிகரெட் இல்லை, வெற்றிலையோடு புகையிலை மட்டும்தான். பரவாயில்லையா?
– வாசகர், மூதூர்

இல்லை. மெல்லும் புகையிலையின் நிக்கொட்டினும் வாய்வழியே இரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும். வாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே காரணம். இன்றைக்கே விடுங்கள்.