கடலோரப் பிள்ளைகளும் கைப்பேசி எழுத்தும்: வாசகர் கேள்வி–பதில்

பதிலளிப்பவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பாம்பன்

கேள்வி: அம்மா, நான் 7ஆம் வகுப்பு ஆசிரியை. பெற்றோருக்கென ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். அதில் வீட்டுப்பாடமும் அறிவிப்பும் மட்டுமே போகின்றன. பிள்ளைகளோ சொந்தமாக ஒரு பத்தி எழுதத் திணறுகிறார்கள். எழுதப் பழக்க அந்தக் குழு உதவுமா? பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது.
— ஓர் ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: நிச்சயமாக உதவும். இப்போது அந்தக் குழு பள்ளியின் அறிவிப்புப் பலகையாக இருக்கிறது. அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் எழுதப் பழகாது. தான் எழுதியதை ஒருவர் ஆவலோடு படிக்கிறார் என்று தெரிந்தால்தான் அடுத்த வரி வரும்.

கரை திரும்பிய ஓர் அப்பாவிடம் ஒரு நிமிடக் குரல்பதிவு கேளுங்கள். சோழகம் என்னும் தென்காற்று எப்படி அடித்தது, பாடு (கிடைத்த மீன்) எப்படி இருந்தது, வலை எங்கே கிழிந்தது என்று வீட்டில் பேசுவதுபோலவே அவர் பேசட்டும். அதைக் குழுவில் போடுங்கள். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர் பேச்சில் சொன்னதை எழுத்துத் தமிழில் 5 வரிகளாக நோட்டில் எழுதி, படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். எதை எழுதுவது என்ற திகைப்பு இதில் இல்லை. பொருள் காதில் விழுந்துவிட்டது, அதை வரிசைப்படுத்துவதும் வாக்கியமாக்குவதும்தான் பிள்ளையின் வேலை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1960களில் உழைப்பாளர்களுக்கு எழுத்தறிவு ஊட்டியபோது, அவர்களுடைய அன்றாடச் சொற்களிலிருந்தே தொடங்கினார். நம் கரையில் அப்படிப்பட்ட சொற்களுக்குப் பஞ்சமே இல்லை.

கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களையும் பேசச் சொல்லுங்கள். விரலில் துணி சுற்றிக்கொள்வது ஏன், கஞ்சிப்பாசி எங்கே கிடைக்கும், மரிக்கொழுந்துப் பாசி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் எந்தப் பாடநூலையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும். படிக்கத் தெரியாத அம்மாவும் “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று திருத்துவார். அந்தத் திருத்தத்துக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன்.

கைப்பேசி வீட்டில் இல்லாத சிக்கலைத் தொழில் நாள்களை வைத்தே தீர்க்கலாம். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்தான் தொழிலுக்குப் போகின்றன. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. அதைக் கணக்கிட்டு, ஒரு வேலைக்கு ஒரு வார அவகாசம் கொடுங்கள். உடனே பதில் வேண்டும் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீட்டுக் கைப்பேசிகள் கரையில் இருக்கும். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலைச் சிறுவயதில் கண்ட தாத்தா பாட்டிகளின் குரலைப் பதிவு செய்ய அதுவே நல்ல நேரம்.

பிழைகளைக் குழுவில் எல்லோர் முன்னும் காட்டவே கூடாது. முதலில் எழுதியதைப் பற்றிக் கேளுங்கள்: “கிழிந்த வலையை யார் கட்டினார்கள்?” அதற்குப் பதில் எழுதும்போதே பிள்ளை இன்னும் இரண்டு வரி எழுதிவிடும். பிறகு ஒரே ஒரு பிழையைத் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று: குழுவில் சேர்பவரின் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஆகவே பெற்றோரின் எண் மட்டும் இருக்கட்டும். குழுவில் நீங்கள் மட்டுமே பதிவிடும்படி அமைத்துவிட்டு, பிள்ளைகளின் விடைகளைத் தனியே வாங்குங்கள். 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தாமாக வாட்ஸ்அப் கணக்கு தொடங்கக் கூடாது. பெண்பிள்ளைகளின் படங்களைப் பொதுவில் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். 5ஆம் வகுப்பு படிக்கும் மகள் வாப்பாவுக்குக் குரல்பதிவு மட்டுமே அனுப்புகிறாள். எழுத்து மறந்துபோகுமோ?
— ஒரு தாய், கீழக்கரை

பதில்: குரலைத் தடுக்காதீர்கள், சகோதரி. வாப்பாவின் குரல் அவளுக்கு வேண்டும். அதோடு வாரம் ஒரு கடிதம் தாளில் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பட்டும். பாதிப் பொறுப்பு உங்கள் கணவருடையது: அவரும் தம் கையெழுத்திலேயே பதில் எழுதி அனுப்ப வேண்டும்.

பேசினால் தானே தட்டச்சாகும் வசதி தமிழிலும் இருக்கிறது. ல, ள, ழ இடம் மாறி வந்தால் அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்த முடியும். அனுப்பியதை மறுபடி படிக்கும் பழக்கத்துக்கு அது போதும்.

கேள்வி: மாலை வகுப்பு நடத்துகிறேன். புயல் சின்னம் என்றாலே பழைய வீடியோக்கள் குழுக்களில் சுற்றுகின்றன. மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது?
— கல்லூரி மாணவர், மண்டபம்

பதில்: தம்பி, அந்த வீடியோக்களையே பாடமாக்குங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலத்துடையது, தேதி எங்கே என்று மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்ததையும் சொல்லுங்கள். பிறகு சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1ஆம் எண், தொலைவில் கடலில் புயல் உருவாகக்கூடும் என்பதைச் சொல்கிறது. 10ஆம் எண் பேரபாயம். 11ஆம் எண், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு. கைப்பேசி வருவதற்கு வெகுமுன்பே, படிக்கத் தெரியாத கடலோடிக்கும் செய்தி சொன்ன முறை அது.

1ஆம் எண் கூண்டு ஏற்றிய செய்தியை வீட்டுக்காரர்களுக்காக இரண்டே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். நேரமும், சொன்னவர் யார் என்பதும் அதில் இல்லையென்றால் மறுபடி எழுத வையுங்கள்.