மூன்று பம்பும் ஒரு கணக்குக் கொப்பியும்

கேள்வி: ராகலையில் இருந்து எழுதுகிறேன். பழைய கெண்டர் லொறி ஒன்றில் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். டேங்கில் இருந்து டீசலை இழுக்கிற லிஃப்ட் பம்பை 14 மாதத்தில் மூன்று தடவை மாற்றிவிட்டேன், மூன்றும் மனைவியின் அண்ணன் கடையில், கணக்குக்கு. அவருக்கு 85,000 ரூபாய் நிற்கிறது, மாதம் நூற்றுக்கு நாலு வட்டி. போன மாதம் திரும்பி வரும்போது றம்பொடை ஏற்றத்தில் நின்றுபோய், கட்டி இழுக்கவே 20,000 போனது. கையில் காசு இல்லாததால் ஓட்டத்துக்குத் தேவையான டீசல்தான் அடிக்கிறேன். யூடியூபில் வரும் அமெரிக்க எலெக்ட்ரிக் பம்ப் செட்டைப் போடச் சொல்கிறான் மகன். லொறிப் புத்தகத்தை லீசிங்கில் வைத்து 4 லட்சம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 4 லட்சத்தை வருடம் 24 வீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதம் 15,700 அளவில் கட்ட வேண்டும், முடியும்போது 565,000 போயிருக்கும். ஒரு பம்புக்காக லொறியையே அடகு வைக்கிற வேலை இது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த டீசல் வரிதான். மச்சானுக்கு மாதம் 3,400 வட்டி போகிறது, அது டேங்கில் இருந்துதான் போகிறது. டேங்க் எப்போதும் நாலில் ஒரு பங்குதான். ராகலைக் குளிரில் ராத்திரி முழுக்க அப்படி நின்றால் வெறும் டேங்கின் உள்பக்கம் வேர்த்து, தண்ணீர் அடியில் இறங்கி, துருப்பிடித்து, அந்தத் துரு நேரே பம்பின் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். செங்குத்தான ஏற்றத்தில் டீசல் பின்னுக்குச் சாய்ந்தால் குழாய் காற்றை உறிஞ்சும். போதாததற்கு நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, லிஃப்ட் பம்போ அந்த அழுத்தத்தின் தயவில்தான் டீசலை இழுக்கிறது. கண்டியில் சமாளிக்கிற அரைகுறைப் பம்ப் றம்பொடைக்கு மேலே கை விடுவது அதனால்தான். ஆக, கடன் டேங்கைக் காயவைக்கிறது, காய்ந்த டேங்க் பம்பைக் கொல்கிறது, செத்த பம்ப் மறுபடி கடனில் வருகிறது.

நீங்கள் சொல்லாத கணக்கை நானே உத்தேசமாகப் போடுகிறேன். பம்ப் ஒன்று 7,000 என்றால் மூன்றுக்கு 21,000. மெக்கானிக் பாஸுக்குக் கூலி 12,000. தடவைக்கு இரண்டு ஓட்டம் தவறிப்போனால் ஆறு ஓட்டம், கைக்கு 15,000 வீதம் 90,000. இழுத்த செலவு 20,000. வட்டி, 14 மாதமும் இதே கடன் நின்றிருந்தால், 47,600. கூட்டினால் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். இதில் பம்பின் விலை ஒன்பதில் ஒரு பங்குதான்! 7,000 ரூபாய்ப் பம்ப் மலிவு என்று யார் சொன்னது? கணக்கில் எழுதி வாங்கும்போது பில் கேட்கக் கூச்சம், திருப்பிக் கொடுக்க அதைவிடக் கூச்சம். மச்சான் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் கடையில் இருப்பதைத் தருகிறார், உங்களால் வேறு கடைக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த எலெக்ட்ரிக் செட் விஷயம். 1998 நடுவில் இருந்து 2002 வரை வந்த டொட்ஜ் பிக்கப்களில் லிஃப்ட் பம்ப் பழுதாகி, டீசல் போதாமல், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற விலை கூடிய இன்ஜெக்‌ஷன் பம்பும் சேர்ந்து போனது. அந்த வருத்தத்துக்கு அங்கே கண்டுபிடித்த மருந்துகளில் ஒன்று அது. உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தாத அழுத்தத்தில் தள்ளினால் சீல்தான் போகும். காந்தம், டீசல் மிச்சம் பிடிக்கிற போத்தல் என்று விற்கிறவர்களையும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

செய்ய வேண்டியது இது. முதலில் டேங்கைக் கழற்றிக் கழுவி, பழைய ஹோஸையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டீசல் வரும் வழியில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸ் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் காற்றுக் குமிழி தெரியும். டிப்ஸ்டிக்கில் ஒயில் கூடி டீசல் மணந்தால் பம்ப் உள்ளுக்குள் கசிகிறது. அதற்குப் பிறகும் பம்ப்தான் குற்றவாளி என்றால், லொறிப் பெயரைச் சொல்லாமல் எஞ்சின் நம்பரையும் இன்ஜெக்‌ஷன் பம்ப் தகட்டில் இருக்கும் நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள், ஒரிஜினலை ரொக்கத்துக்கு, பில்லோடு வாங்குங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றிய ஒரிஜினல் கிடைக்கும், புதிய போலியைவிட அது மேல். டீசல் உள்ளே வரும் துளையைப் பெருவிரலால் அடைத்து ஹேண்ட் பம்பை அடித்துப் பாருங்கள், விரலைக் கவ்வி இழுக்க வேண்டும். இழுக்கவில்லையா, கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

காசுக்கு? மூன்று மாதம் மச்சானுக்கு வட்டி மட்டும் கொடுங்கள், புதுசாக ஒரு நட்டுக்கூட கணக்கில் எழுத வேண்டாம். ஓட்டத்துக்கு 2,000 எடுத்து முதலில் டேங்கை அரைக்கு மேல் ஏற்றி வையுங்கள், நான்காம் மாதத்தில் இருந்து அதே காசில் கடனின் அசல் கழியட்டும். இதை அவரிடம் சொல்லும்போது மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கதை வேறு மாதிரிப் போய்ச் சேரும். அப்புறம் டேங்கைக் கவிழ்க்கும்போது அடியில் என்ன கிடந்தது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.