டாக்கா வெயில் வேறு, தம்பி

மே மாதம் கல்லூரிக் குழுவோடு டாக்காவுக்குச் சேவை செய்யப் போகிறீர்கள். "காரைக்குடி வெயிலில் வளர்ந்தவனுக்கு அது பெரிதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் துணிச்சல்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் பக்கம் வியர்வை சீக்கிரம் காய்ந்து உடலைக் குளிர்விக்கும். அங்கே காற்றிலேயே ஈரம். வியர்வை வழியுமே தவிரக் காயாது. முற்றமும் உயர்ந்த கூரையும் உள்ள வீட்டுக்குப் பழகிய உடம்பு உங்களுடையது. முதல் வாரம் நண்பகல் வேலை வேண்டவே வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து குடியுங்கள். இத்தகைய கரைசல் காலரா நோயாளிகளைக் காக்கும் என்று 1968இல் காட்டியதே டாக்கா ஆய்வுக்கூடம்தான்! தெருவில் வெட்டி வைத்த பழம் வேண்டாம். பசித்தால் அம்மா கட்டித் தரும் சீப்புச்சீடை இருக்கிறது. டைபாய்டு தடுப்பூசியைப் புறப்பட இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சேவைக்கு எந்த விசா என்று குழுத் தலைவரிடம் இன்றே கேளுங்கள்.