மைவிக்கு வேறு தவணை பாக்கியா?

கேள்வி: மகளுக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு நன்றாக வந்து, பினாங்கு யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வரலாறு படித்து என்ன வேலைக்குப் போவாள்? தனியார் கல்லூரியில் கணக்கியல் டிப்ளமா எடுத்தால் சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்கிறார் கணவர். மகனின் கார் இருக்கிறதே, அந்த மைவிக்கு வேறு இன்னும் 6 வருஷத் தவணை பாக்கி. அவளோ பிடிவாதமாக இருக்கிறாள். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: சொல்கிறேன், ஆனால் அவளுக்கு இல்லை, உங்களுக்கு.

மகளின் படிப்பைப் பற்றிய கடிதத்துக்குள் மகனின் கார் எப்படி வந்தது? "மைவிக்கு வேறு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த "வேறு"தான் அம்மா உங்கள் கேள்வியே, மற்றதெல்லாம் சுற்றிக் கட்டிய காகிதம். கார் வாங்கியவன் அவன், ஓட்டுகிறவன் அவன். கடனுக்குக் கையெழுத்துப் போடும்போது தங்கையைக் கேட்டா போட்டான்?

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. இதில் நான் பழைய காலத்து ஆள்தான், முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுக்காத பிள்ளையை எனக்குப் பிடிக்காது. ஆனால் அண்ணன் காருக்குத் தவணை கட்டுவது எந்தக் கடமையில் சேர்த்தி?

கணக்கியல் படிக்கச் சொல்கிறவர் ஒரு சின்னக் கணக்காவது போட்டாரா? அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணம் தனியார் கல்லூரிக்குப் பக்கத்தில்கூட வராது. குறைந்த செலவில் கிடைக்கிற பட்டத்தை விட்டுவிட்டு, கூடுதல் பணம் கட்டி டிப்ளமா வாங்கப் போகிறீர்களா?

வேலை என்ன என்று கேட்டீர்கள். ஆசிரியர், பத்திரிகை, ஆவணக் காப்பகம் எல்லாம் இருக்கின்றன. அரசாங்கத்தில் பி.டி.டி. எனப்படும் நிர்வாக, அரசதந்திரச் சேவை அதிகாரி வேலைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் மனு போடலாம். தேர்வும் நேர்காணலும் கடுமையானவை, அதனால் மலாயையும் ஆங்கிலத்தையும் அவள் இப்போதிருந்தே கூர்தீட்டிக்கொள்ளட்டும்.

வரலாறு என்றால் ஆண்டுகளை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. என் அப்பா இறந்தபின் அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். உள்ளே தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், ஓரமெல்லாம் செல்லரித்து, எத்தனை நாள் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போனார், அரிசிக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று மங்கிப்போன மையில். எங்களில் ஒருவருக்கும் அதன் மதிப்பு தெரியவில்லை, தம்பி பழைய பேப்பரோடு கட்டிப் போட்டுவிட்டான். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, யாரோ அந்தக் காலத்துக் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் உட்கார்ந்து படித்ததால்தானே அது நமக்குத் தெரியும்? ஒரு காகிதம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பார்க்கப் பழகியவளை வங்கிக்காரனும் ஏமாற்ற முடியாது, அரசியல்வாதியும் ஏமாற்ற முடியாது. சொந்த அண்ணனும்தான்.

அவளுடைய பிடிவாதத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. பதிவு நாளைத் தவறவிடாதீர்கள். யு.எஸ்.எம். ஒன்றும் தூரமில்லை, பாலம் தாண்டினால் கெளுகோர். பெட்டி படுக்கையோடு அவளைக் கொண்டுபோய் விட மகனையே மைவியை எடுக்கச் சொல்லுங்கள். டோல் காசையும் அவனே கட்டட்டும்.