ப்ராக்ஸி கிடைக்கிறது, அழைத்தால் 25 விநாடி தொங்குகிறது

டி-பஸ்ஸில் (ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) ப்ராக்ஸி கிடைக்கிறது, ஆனால் அதன் வழியாகச் சேவையை அழைத்தால் தொங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். ப்ராக்ஸியில் குறை இல்லை. எதிர்ப்பக்கத்தில் உங்கள் சேவையின் மெயின் லூப் (வரும் அழைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் சுற்று) அடைபட்டிருக்கிறது. 25 விநாடி கழித்து 'நோ ரிப்ளை' வருகிறது என்கிறீர்களே, அதுதான் அடையாளம்: டி-பஸ் லைப்ரரிகளில் வழக்கமான காத்திருப்பு அவ்வளவுதான். சேவையின் பெயரே பஸ்ஸில் இல்லையென்றால் பொதுவாக உடனே 'சர்வீஸ் அன்னோன்' வந்திருக்கும்.

ப்ராக்ஸி ஒரு முகவரிச் சீட்டு மாதிரி. அழைப்பு சேவையின் வரிசையில் கிடக்கும். லூப் எடுத்துக் கொடுத்தால்தான் ஆப்ஜெக்டுக்குப் போய்ச்சேரும். ரோஸ்ஹில் கோவிலின் காவடி அறிவிப்புக்கு எழுதிய 'ப்ளே' மெத்தட், ஒலிக்கோப்பு முடியும்வரை திரும்புவதில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். போர்ட் லூயிஸில் ஒரு கடைக்கு எழுதிய பில் நிரலில் நானும் இதில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன், அங்கே லூப்பை அடைத்தது பிரிண்டர்.

அறிவிப்பு ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் 'busctl --user tree' கொடுத்து, பக்கத்தில் சேவைப் பெயரைப் போடுங்கள். அதுவும் தொங்கினால் காரணம் இதுதான். ஒலியைத் தனி த்ரெட்டுக்கு (அதே நிரலுக்குள் தனியே ஓடும் இழை) மாற்றுங்கள், மெத்தட் உடனே திரும்பட்டும், ஒலி முடிந்ததும் பஸ்ஸில் அதைச் சொல்ல ஒரு சிக்னல் போதும்.

ஒன்று கவனம்: காத்திருப்பு நேரத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். அப்புறம், அதே நிரலுக்குள்ளிருந்தே மெயின் த்ரெட்டில் ப்ராக்ஸி வழியாகப் பதிலுக்குக் காத்து அழைத்தால் தன்னையே பூட்டிக்கொள்ளும். அங்கே ஆப்ஜெக்டை நேரடியாகவே அழையுங்கள்.