யோசெமிட்டி அருவிக்கு எந்த மாதம் போவது?

வாசகர் கேள்விகள், பயணப் பகுதி

கலிஃபோர்னியாவில் பணிபுரியும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோரிடமிருந்து இந்த மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பெரிய அருவியைப் பற்றியே பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் சான் ஹோசேயில் வேலை செய்கிறான். செப்டம்பர் முதல் வாரம் புறப்பட்டு மூன்று மாதம் தங்கலாம் என்று நினைக்கிறோம். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. யோசெமிட்டி அருவியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு இரண்டு நாள் போதுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: இரண்டு நாள் தாராளமாகப் போதும். ஆனால் நீங்கள் குறித்திருக்கும் மாதம்தான் பொருந்தவில்லை. சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. செப்டம்பரில் நீங்கள் அங்கே போய் நிமிர்ந்து பார்த்தால், பெரும்பாலான ஆண்டுகளில் அருவி இருக்கும் இடத்தில் கறை படிந்த வெறும் பாறைதான் தெரியும்.

இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை, பட்டு எழுதுகிறேன். நான் முதல்முறை போனது ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில். வழிகாட்டிப் பலகை சரியாகத்தான் இருந்தது, பாதையும் பாலமும் இருந்தன, பாலத்தின் அடியில் பேருந்து அளவு உருண்டைக் கற்களும் கிடந்தன. தண்ணீர் மட்டும் இல்லை. மலைமுகட்டிலிருந்து கீழ்வரை, சுவரில் மழைநீர் வழிந்து காய்ந்தது போல, கருத்த நீண்ட கோடு ஒன்று இறங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஓர் அம்மா, கையிலிருந்த படத்தையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த அருவிக்கு நீர் தருவது யோசெமிட்டி ஓடை. அது ஓடிவரும் மேட்டுநிலம் பெரும்பகுதி கருங்கல் பாறை. பழைய காலத்தில் அங்கே நகர்ந்த பனிப்பாறைகள் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டன. நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் ஆழமான மண் அங்கே குறைவு. குளிர்காலத்தில் சியரா நெவாடா மலைத்தொடரில் கொட்டும் பனிதான் ஓடையின் ஒரே பெரிய சேமிப்பு. அந்தப் பனி வசந்தத்தில் உருகி, மே, ஜூன் மாதங்களில் உச்சமாகப் பாய்ந்து, ஜூலையில் மெலிந்து, ஆகஸ்டில் நூலாகிவிடும் அல்லது நின்றே போகும். கலிஃபோர்னியாவின் கோடையில் மழையும் அரிது. இலையுதிர் காலத்துப் புயல்மழை வரும்போது அருவி மறுபடி எட்டிப்பார்க்கும் என்றாலும், அதை நம்பி யாரும் தேதி குறிக்க முடியாது. குற்றாலத்தில் தென்மேற்குப் பருவமழையைக் கேட்டு நாம் சீசன் பார்க்கிறோம் அல்லவா? அங்கே கேட்க வேண்டியது பனியை.

ஆகவே உங்கள் பயணத்தை ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் இறுதிக்குள் முடியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அருவிக்கு மே மாதத்தின் பின்பாதியை ஒதுக்குங்கள். இரண்டாம் முறை நான் போனது அப்படிப்பட்ட ஒரு மே மாதத்தில்தான். வண்டி நிறுத்தத்திலேயே ஓசை கேட்டது. பாலத்துக்கு ஐம்பதடி முன்னால் மூக்குக்கண்ணாடி நனைந்து பார்வை மறைந்தது. துடைத்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி நனைந்தது. மேல் அருவியில் நீர் ஒரே திரையாக விழுவதில்லை. வெண்ணிறக் கட்டிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் பின்னால் ஒரு வாலை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாததுபோல் இறங்கிவருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுவதால்தான் அது மெதுவாக விழுவதுபோல் கண்ணுக்குப் படுகிறது.

உயரம் என்றதும் உங்கள் ஊர் அளவுகோலையே தருகிறேன். யோசெமிட்டி அருவியின் மொத்த உயரம் 2,425 அடி. மேல் அருவி 1,430 அடி, நடுவில் படிப்படியாக இறங்கும் பகுதி 675 அடி, கீழ் அருவி 320 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. அதைப் போல் பத்துக் கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இந்த அருவியின் தலையைக் கிட்டத்தட்டத் தொடலாம்.

ஒரு எச்சரிக்கை: பனி மிகுந்த ஆண்டுகளில் வசந்தமே சிக்கலாகிவிடுவதும் உண்டு. 2023இல் கடும் பனிப்பொழிவால் பூங்கா சில வாரங்கள் மூடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், உருகிய நீரால் வெள்ளம் வரும் என்று பள்ளத்தாக்கின் பெரும்பகுதியைச் சில நாள் மீண்டும் மூடினார்கள். எனவே ஒரே வார இறுதியை மட்டும் நம்பாமல், மாற்றாக இன்னொரு வார இறுதியையும் மகனிடம் சொல்லி வைத்திருங்கள்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காகப் போகிறோம். ஆகஸ்ட் மாதம் தவிர வேறு வழியில்லை. அப்படியானால் யோசெமிட்டி போவதே வீணா?
— வாசகி, கோவை

பதில்: நிச்சயமாக வீணில்லை, அம்மா. பெரிய அருவி வற்றியிருக்கும் என்று தெரிந்தே போனால் ஏமாற்றத்துக்கு இடமில்லை. மெர்செட் ஆற்றில் விழும் வெர்னல் (317 அடி), நெவாடா (594 அடி) அருவிகள் ஆண்டு முழுவதும் ஓடும். வெர்னல் அருவியைத் தொலைவிலிருந்து காட்டும் மரப்பாலம் வரை போய்வர சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஏற்றம் 400 அடிதான் என்றாலும் செங்குத்தாக இருக்கும், நின்று நின்று ஏறுங்கள். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 3,200 அடி மேலே இருக்கும் கிளேசியர் பாயிண்டுக்குக் காரிலேயே போகலாம்; குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் அந்தச் சாலை ஆகஸ்டில் திறந்திருக்கும். பூங்காவின் தெற்கு வாயிலருகே மாரிபோசா தோப்பில் ராட்சத செக்கோயா மரங்கள் இருக்கின்றன. அங்கே கிரிஸ்லி ஜயன்ட் என்று பெயர் பெற்ற மரத்துக்குச் சுமார் 3,000 வயது என்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆகஸ்டில் போகிறவர் ஒரு முழு முற்பகலை அந்த மரத்தடியில் கழிப்பது நல்லது.

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு. சக்கர நாற்காலியில் அழைத்துப் போனால் அருவியை அருகில் காட்ட முடியுமா?
— வாசகர், மதுரை

பதில்: முடியும். கீழ் அருவிக்குச் செல்லும் சுற்றுப்பாதை மொத்தம் 1.6 கிலோமீட்டர். அதில் கிழக்குப் பக்கப் பாதைதான் சக்கர நாற்காலிக்கு ஏற்றது; மேற்குப் பக்கம் நாற்காலியோடு போக வேண்டாம். பள்ளத்தாக்குக்குள் ஓடும் இலவசப் பேருந்து பாதையின் தொடக்கத்தில் நிற்கும். மே மாதத்தில் சாரல் பனிநீராகவே அடிக்கும். பள்ளத்தாக்கு 4,000 அடி உயரத்தில் இருப்பதால் காலையும் மாலையும் குளிரும். தாயாருக்கு ஸ்வெட்டரின் மேல் ஒரு மழைக்கோட்டும், காதை மூடும் குல்லாவும் வேண்டும். புடவைதான் கட்டுவார் என்றால் மாற்றுப் புடவை ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

நடக்க முடிந்த இளையவர்கள் மேல் அருவியின் உச்சிக்கும் ஏறலாம். 1870களில் அமைத்த பழைய பாதை அது, போய்வர 11.6 கிலோமீட்டர், 2,700 அடி ஏற்றம், ஆறு முதல் எட்டு மணி நேரம். தாயாரைக் காக்க வைத்துவிட்டு ஏறும் தூரம் அல்ல. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: அருவியில் குளிக்க அனுமதி உண்டா? பேரப்பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.
— வாசகர், தென்காசி

பதில்: அருவி என்றாலே தலையைக் கொடுத்து நிற்பதுதான் என்று வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள், உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே வேண்டாம். அது சில மணி நேரத்துக்கு முன்புவரை பனியாக இருந்த நீர், உடலை மரக்கவைத்துவிடும். அருவியடியில் குவிந்து கிடக்கும் கற்கள் நனைந்தால் மட்டுமல்ல, காய்ந்திருந்தாலும் வழுக்கும். நூற்றாண்டுகளாக நீர் தேய்த்த வழவழப்பு அது. 2011 ஜூலையில் வெர்னல் அருவியின் தலைப்பகுதியில், தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஆற்றில் இறங்கிய மூன்று பேர் அருவியோடு அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கம்பி போட்டிருக்கும் இடத்தில் கம்பிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். படம் எடுக்கவும் தாண்டாதீர்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான அவானீச்சி மக்கள் இந்த அருவியைச் சோலாக் என்று அழைத்தார்கள். அதன் அடியிலுள்ள மடுவில் பொலோட்டி என்னும் தீய ஆவிகள் வாழ்வதாகவும், அங்கே நீர் மொள்ளப் போன ஒரு பெண்ணின் கூடையில் தண்ணீருக்குப் பதில் பாம்புகள் வந்ததாகவும் கதை சொல்வார்கள். பிள்ளைகளை மடுவிலிருந்து தள்ளி நிறுத்த அந்தக் கதையையே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். குளிக்கும் ஆசைக்கு வேறு வழி உண்டு: கோடையின் பிற்பகுதியில், பள்ளத்தாக்கின் சமதளத்தில் மெர்செட் ஆறு அடங்கி ஓடும் மணல்கரைகளில், பெரியவர்கள் கூட இருக்கும்போது, காலை நனைத்து விளையாட விடலாம்.

கேள்வி: கட்டணம், தங்குமிடம், சாப்பாடு பற்றிச் சொல்லுங்கள். எங்களிடம் கார் இல்லை.
— வாசகர், சென்னை

பதில்: கார் இல்லாதவர்கள் மெர்செட் நகரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து யார்ட்ஸ் பேருந்தில் நேரே பள்ளத்தாக்குக்குள் போகலாம். 140ஆம் எண் நெடுஞ்சாலையில் அது ஆண்டு முழுவதும் ஓடுகிறது. கார் வைத்திருப்பவர்களுக்கும் அந்தச் சாலையைத்தான் பரிந்துரைப்பேன். ஆற்றை ஒட்டிப் போவதால் மலைவளைவில் தலைசுற்றுகிறவர்களுக்கு ஓரளவு இதம். சான் ஹோசேயிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது என்பதால் மாரிபோசா ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைபேசித் தொடர்பும் அடிக்கடி அறுந்துபோகும், ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 35 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும். அதற்கு மேல், 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் குடியிருக்காதவர்களுக்கு, 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும், தலா 100 டாலர் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு இது சிறிய தொகை அல்ல. வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டையின் விலை 250 டாலர். வேறு தேசியப் பூங்காக்களுக்கும் போவதாக இருந்தால் எது லாபம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நெரிசல் மாதங்களில் சில ஆண்டுகள் முன்பதிவு கேட்டார்கள், சில ஆண்டுகள் கேட்கவில்லை. புறப்படும் வாரத்தில் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது அவசியம்.

பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் மே மாத அறைகளுக்கு ஓராண்டுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். கிடைக்காவிட்டால் எல் போர்ட்டல், மாரிபோசா, ஓக்ஹர்ஸ்ட் ஊர்களில் தங்கி, விடியற்காலையில் கிளம்பி, எட்டு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். அதற்குப் பிறகு வண்டி நிறுத்த இடம் தேடியே முற்பகல் போய்விடும்.

புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனைதான். ஆனால் அது கரடிகளின் காடு. பகலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியே தெரியாமல் காரில் உணவை வைக்கலாம். இருட்டிய பிறகு காரில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. உணவு என்று அவர்கள் சொல்வதில் ஊறுகாய்ப் பாட்டில் மட்டுமல்ல, தேங்காயெண்ணெய், சோப்பு, பற்பசை என்று வாசம் உள்ள அனைத்தும் அடங்கும். முகாம்களில் இதற்கென்றே இரும்புப் பெட்டகங்கள் வைத்திருக்கிறார்கள். தாழ்ப்பாளை முழுவதும் போட்டுவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: இரவில் அந்த அருவியில் வானவில் தெரியும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: உண்மை. வசந்தத்தில், நீர் மிகுந்திருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில், பௌர்ணமியும் அதையொட்டிய ஓரிரு இரவுகளும், வானம் தெளிந்திருந்தால், கீழ் அருவியின் சாரலில் நிலவொளி வானவில்லாக வளையும். இந்தப் பள்ளத்தாக்கைக் காக்கப் பாடுபட்ட ஜான் மியூர் இதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். நிலவு உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், பாறைச்சுவரின் நிழல் விலகி ஒளி சாரலில் படும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் வெண்ணிற வில்லாகத்தான் தெரியும். கேமராவை முக்காலியில் நிறுத்தி சில விநாடிகள் ஒளியை வாங்கவிட்டால் சிவப்பும் நீலமும் படத்தில் தெளியும். லென்ஸைத் துடைக்க இரண்டு மூன்று உலர்ந்த துணிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தில் மற்றவர்களும் இருட்டில் காத்திருப்பார்கள், ஆகவே டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்து நடந்து, இடம் சேர்ந்ததும் அணைத்துவிடுங்கள்.