லிமிடெட் எடிஷன் இசைத்தட்டு: சேமிப்பா, செலவா?

கேள்வி: வயது 38. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். தனியார் வேலை, வருடச் சம்பளம் 42,000 பவுண்டு. வினைல் தட்டு சேர்ப்பது கல்லூரி நாளிலிருந்து பழக்கம். கடந்த மூன்று வருடமாக லிமிடெட் எடிஷன் பக்கம் சாய்ந்துவிட்டேன். கலர் வினைல், நம்பர் போட்ட பதிப்பு, ரெக்கார்ட் ஸ்டோர் டே (இசைத்தட்டுக் கடைகளுக்கான வருடாந்தர நாள்) வெளியீடு என்று மாதம் 250 பவுண்டு போகிறது. சிலவற்றில் இரண்டு பிரதி வாங்கினேன், ஒன்று கேட்க, ஒன்று விலை ஏறினால் விற்க. கிரெடிட் கார்டில் 3,400 பவுண்டு பாக்கி, வட்டி 24%, மாதம் 95 மட்டும் கட்டுகிறேன். கம்பெனி பென்ஷனில் 5% போடுகிறேன். 7% போட்டால் அவர்களும் 2% கூட்டிப் போடுவார்களாம்.

'இது முதலீடு' என்று மனைவியிடம் சொல்லி வந்தேன். 32 பவுண்டுக்கு வாங்கிய ஒரு தட்டு டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விற்பனைத் தளத்தில் 140 என்று இருக்கிறது. ஆனால் 'இனி வராது' என்று சொல்லி விற்ற இன்னொன்றை அதே லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வேறு கலரில் மறுபடி அச்சிட்டதும் என் பிரதியின் விலை பாதியாகிவிட்டது. எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் அடுத்த அறிவிப்பு வந்தால் கை போனுக்குத்தான் போகிறது. ஐந்து தட்டு ஆன்லைன் முன்பதிவில் நிற்கின்றன. அப்பா விட்டுப்போன பழைய தமிழ்ப்பட எல்.பி.க்களும் இருபது உண்டு. விற்றுக் கடனை அடைக்கலாமா? வரி வருமா? இந்த மூன்று வருடத்தில் வாங்கிய 40 லிமிடெட் தட்டுகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த 140 பவுண்டு. அது யாரோ ஒருவர் கேட்கிற விலை; யாரும் கொடுத்த விலை அல்ல. டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்பின் பக்கத்திலும் இதுவரை விற்றதில் குறைந்த விலை, நடு விலை, கூடிய விலை மூன்றும் இருக்கும். உங்கள் தட்டின் நடு விலை 70. அந்த விலைக்கே விற்று, தபாலுக்கு 5 வாங்கினால் வருவது 75. தபால் கூலியையும் சேர்த்த தொகையில் டிஸ்காக்ஸ் 9% எடுத்துக்கொள்ளும், அது 6.75. பணம் வாங்கித் தரும் சேவைக்கு ஏறக்குறைய 2.50. கெட்டி அட்டைப் பெட்டியும் தபாலும் 5.50. மிச்சம் 60 பவுண்டு சொச்சம். 32க்கு வாங்கியதில் 28 லாபம், மோசமில்லை. ஆனால் மனைவியிடம் நீங்கள் காட்டியது இந்த ஒரு தட்டை. எனக்கு அனுப்பியது 40.

நாற்பதையும் நடு விலையில் போட்டுப் பார்த்தேன். நீங்கள் கொடுத்தது 1,240. இன்றைய நடு விலைகளைக் கூட்டினால் 1,130. கமிஷன், தபால், பெட்டி போக 940தான் தேறும். ஒன்பது தட்டு ஏறியிருக்கிறது, ஆறு அங்கேயே நிற்கிறது, 25 இறங்கிவிட்டது. மொத்தத்தில் 300 பவுண்டு நஷ்டம். கார்டு வட்டி மாதம் 60 பவுண்டுக்கு மேல் ஓடுவது தனி. இன்னொன்றும் கவனித்தேன். மாதம் 250 என்று மூன்று வருடம் போனால் 9,000 பவுண்டு; பட்டியலில் இருப்பது 1,240. மீதி எங்கே போனது என்று உங்கள் ஸ்டேட்மென்ட்டில்தான் தேட வேண்டும். லிமிடெட் அல்லாத தட்டுகள், வெளிநாட்டுத் தபால் கூலி, ஊசி, உறை என்று பாதி அங்கே கிடைக்கும் என்பது என் ஊகம்.

விலை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது தட்டு அச்சாகும் விதத்திலேயே இருக்கிறது. லாக்கர் (மெருகு பூசிய) தட்டில் ஒலியை வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுப்பதுதான் முதல் செலவு. அச்சு கையில் இருந்தால் பிளாஸ்டிக் மணியின் நிறத்தை மாற்றி மறுபடி ஓட்டுவது லேபிளுக்குப் பெரிய காரியமில்லை. '500 பிரதி மட்டும்' என்ற ஸ்டிக்கர் அந்த நிறத்துக்குச் சொன்ன வாக்கு. பாட்டுக்கு அல்ல. நீங்கள் எரிச்சல்பட்ட மறுபதிப்பில் லேபிள் பொய் சொல்லவில்லை. ஸ்டிக்கரில் இல்லாததை நீங்கள்தான் படித்துக்கொண்டீர்கள். எத்தனை பிரதி சந்தைக்கு வரும் என்பதை விற்பவரே தீர்மானிக்கிற பொருளை எந்த ஆலோசகரும் முதலீட்டுக் கணக்கில் எழுத மாட்டார்.

பொய்யே சொன்னதாக வழக்கு நடந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் மாஸ்டர் டேப்பிலிருந்து (மூல ஒலிநாடா) நேராக வெட்டிய தட்டுகளுக்குப் பேர்போனது. அதன் 'ஒன் ஸ்டெப்' வரிசை எண் போட்டு, கூடிய விலைக்கு வரும். அந்த முறையில் லாக்கரிலிருந்து நேராக ஸ்டாம்பர் (தட்டை அழுத்தும் உலோக அச்சு) எடுப்பார்கள், ஒரு லாக்கருக்கு ஒரு ஸ்டாம்பர். ஒரு ஸ்டாம்பரில் சுமார் ஆயிரம் தட்டு அச்சாகும். 2022இல் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஒன் ஸ்டெப்பில் 40,000 பிரதி வருமென்று அறிவித்தார்கள். சேகரிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள்: நாற்பது தடவையாவது லாக்கர் வெட்ட வேண்டும், விலைமதிப்பில்லாத மூல டேப்பை அத்தனை முறை ஓட யார் விடுவார்கள்? மூல டேப்புக்கும் லாக்கருக்கும் நடுவில் ஒரு டிஜிட்டல் நகல் இருக்கிறது, பல வருடமாகவே இருந்தது என்பது அந்த வருடமே வெளியே வந்தது. வழக்கு 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தட்டுகளின் ஒலியை அதுவரை எல்லோரும் புகழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒலி அப்படியேதான் இருக்கிறது. கூடுதல் விலை எதற்குப் போனது என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது. 40,000 பிரதியை 'லிமிடெட்' என்று நாமும் நம்பினோம் என்பது வேறு விஷயம்.

இதற்காக லிமிடெட் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. 300 பிரதிக்கு மேல் விற்காது என்று தெரிந்து 300 மட்டும் அடிக்கிற சின்ன லேபிள்கள் இருக்கின்றன. ரெக்கார்ட் ஸ்டோர் டேயும் சின்னக் கடைகளைக் காப்பாற்ற 2007இல் அமெரிக்காவில் யோசித்து, 2008 ஏப்ரல் 19 அன்று முதலில் நடத்தியதுதான். தட்டுக் கடைகள் நிறைந்த லண்டன் பெர்விக் தெருவில் விடியுமுன் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நடைமுறை ரகசியம்: அன்றைக்கு வரும் சரக்கைக் கடைக்காரர் பொதுவாகத் திருப்பி அனுப்ப முடியாது. விற்காதது அவர் தலையில். ஆகவே ஜூன், ஜூலையில் அதே கடைக்குப் போய் மிச்சச் சரக்கைப் புரட்டுங்கள். ஏப்ரலில் ஓடிப்போய் வாங்கியவற்றில் பல அங்கே விலை குறைந்து நிற்கும்.

எதை விற்பது? உங்கள் நாற்பதில் ஏழு இரட்டைப் பிரதி, இன்னும் பதினொன்று உறையே பிரிக்காதவை. இந்தப் பதினெட்டையும் விற்றுவிடுங்கள், கையில் 420 பவுண்டு வரும். இறங்கியவற்றை 'வாங்கின விலைக்காவது வரட்டும்' என்று வைத்திருக்காதீர்கள். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது வாங்க வருகிறவருக்குத் தேவையில்லாத விவரம். ஏறிய ஒன்பதில் நீங்கள் போட்டுக் கேட்காதது எதுவோ அதை இந்த மாதமே விற்பது நல்லது, அடுத்த மறுபதிப்பு அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கேட்கிற தட்டுகளைத் தொட வேண்டாம்.

அப்பாவின் எல்.பி.க்களையும் தொட வேண்டாம். அவை அரிதானது யாரும் திட்டமிட்டு அல்ல. கல்யாண வீட்டு மைக் செட்டில் தேய்ந்தது பாதி, கேசட் வந்தபின் பழைய பேப்பர்காரரிடம் போனது மீதி. கீறல் இல்லாமல் தப்பியவற்றுக்கு நல்ல விலை உண்டு, நாளைக்கும் இருக்கும். ஒவ்வொன்றையும் படமெடுத்து, உங்கள் வீட்டுப் பொருள் காப்பீட்டில் அவை அடங்குமா என்று ஒரு தடவை கேட்டு வையுங்கள், போதும்.

வரி பற்றிப் பயப்பட அதிகமில்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளை 6,000 பவுண்டுக்குள் விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. உங்கள் தட்டு எதுவும் அந்தப் பக்கமே போகாது. விற்கவென்றே வாங்கிய இரட்டைப் பிரதிகள் வேறு கதை, அதை எச்.எம்.ஆர்.சி. (பிரிட்டன் வரித்துறை) வியாபாரமாகப் பார்க்கலாம். இப்போதைய விதிப்படி ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை அப்படி வரும் வியாபார வரவு 1,000 பவுண்டுக்குள் இருந்தால் வரியுமில்லை, கணக்கும் காட்ட வேண்டாம். லாபம் அல்ல, வரவு, கவனியுங்கள். 2024 ஜனவரியிலிருந்து டிஸ்காக்ஸ், ஈபே போன்ற தளங்கள், வருடத்தில் 30 விற்பனையைத் தொடுகிற அல்லது 2,000 யூரோவைத் தாண்டுகிறவர்களின் விவரத்தை எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்புகின்றன. தகவல் போவதால் வரி வந்துவிடாது. யாராவது கேட்டால் காட்ட வாங்கிய ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள். இரட்டைப் பிரதி ஏழையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

இனி அந்த மாதம் 250. முதலில் பென்ஷனை 7% ஆக்குங்கள். முழுச் சம்பளத்தில் கணக்கிடுவதாக வைத்தால் உங்கள் 2% மாதம் 70 பவுண்டு; வரிச் சலுகை போக கையிலிருந்து போவது 56. கம்பெனியும் 70 போட, கணக்கில் மாதாமாதம் 140 ஏறும். மனைவியிடம் காட்ட வேண்டிய 140 இதுதான். அடுத்து 155ஐ இப்போது கட்டும் 95ஓடு சேர்த்து கார்டுக்கு 250 ஆகக் கட்டுங்கள். விற்ற 420ஐயும் அதில் போட்டால் பாக்கி 2,980. பதினான்கு மாதத்தில் முடியும், வட்டியாக இன்னும் 400 பவுண்டு போகும். 0% பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (பாக்கியை வட்டியில்லாத வேறு கார்டுக்கு மாற்றுவது) கிடைத்தால், கட்டணம் 3% என்றாலும் 90 பவுண்டில் அந்த 400 மிச்சம். ஆனால் அந்தக் கார்டில் ஒரு தட்டும் வாங்கக் கூடாது. தட்டுக் கடைகளின் தளங்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தையும் இன்றைக்கே அழித்துவிடுங்கள். பதினாறு இலக்கத்தைத் தேடி அடிப்பதற்குள் பாதி ஆசை அடங்கும் என்று இதே கேள்வியோடு வந்த பலரிடம் கேட்டிருக்கிறேன்.

மிச்சம் 39 பவுண்டு உங்களுடையது. எந்தத் தட்டு, என்ன கலர் என்று யாரும் கேட்கக் கூடாது, மனைவி உட்பட.

முன்பதிவு ஐந்துக்கு வருவோம். பிரிட்டனில் உள்ள கடையிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி பொருள் கைக்கு வந்த 14 நாள் வரை காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இன்னும் வராதவை என்பதால் ஐந்துமே ரத்து செய்யத்தக்கவை. இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்குள் ஏதாவது வந்து சேர்ந்தால் உறையைப் பிரிக்காதீர்கள், பிரித்த இசைத்தட்டுக்கு அந்த உரிமை கிடையாது. ஐந்தில் ஒன்றை உண்மையிலேயே கேட்க ஆசை என்றால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முதல் மாதத்து 39 அதற்குப் போகட்டும்.